பாறைத் தோட்டத்தில் பாய் விரிக்கும் மலைச்செடிகள்: முழுமையான வழிகாட்டி

நன்றாகப் படர்ந்த ஆப்ரியேட்டா செடி ஒன்றின் ஓரத்தைப் பிடித்து, பாயைச் சுருட்டுவது போல மெல்லத் தூக்கிப் பாருங்கள். மேலே விரல் நுழைய இடமில்லாமல் இலை. அடியில் வேறு உலகம்: காய்ந்த சருகு, நாலா பக்கமும் ஓடும் கம்பி போன்ற தண்டுகள், அவை எல்லாம் திரும்பி வந்து சேரும் பென்சில் கனத்தில் ஒரு கழுத்து. இரண்டு அடி அகலத்துக்குப் பூத்துக் கிடக்கும் செடி முழுவதும் அந்த ஒரு கழுத்தை நம்பித்தான் இருக்கிறது. இந்த வகைச் செடிகள் குளிரில் சாவதைவிடக் கழுத்து அழுகிச் சாவதுதான் அதிகம். கீழே சொல்லப்போகிற கல், ஜல்லி, சரிவு, வெயில் எல்லாமே கடைசியில் அந்தக் கழுத்தை உலர்வாக வைத்திருப்பதற்கான ஏற்பாடுதான்.

இவை ஏன் இப்படி வளர்கின்றன

மலையில் மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே காற்று வைத்ததுதான் சட்டம். தலை தூக்கும் செடியை அது ஒடிக்கும், இல்லையென்றால் உலர்த்தும். அதனால் செடி தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. நெருங்கிய இலைகளுக்குள் வெயிலின் சூடு தங்கிவிடுகிறது. சுற்றியுள்ள காற்றைவிட மெத்தைக்குள் 10 டிகிரிக்கும் மேல் வெப்பம் கூடுதலாக இருப்பது சாதாரணம். மேலே விரலளவு உயரம்கூட இல்லாத செடி கீழே எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். சைலீன் அகாலிஸ் என்ற மெத்தைச்செடியின் ஆணிவேர் ஒரு மீட்டரைத் தாண்டி இறங்கும். அதன் ஆயுள் 300 ஆண்டுக்கு மேல் போகக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

குளிர்காலம் முழுக்கப் பனி போர்வையாக மூடியிருக்கும். அதன் அடியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். தண்ணீர் உறைந்திருப்பதால் செடி கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் தூங்கும். வசந்தத்தில் பனி உருகும்போது குளிர்ந்த தண்ணீர் சரளைக்கு நடுவே ஓடி இறங்கிக்கொண்டே இருக்கும், ஓரிடத்திலும் தேங்காது. பயிருக்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' வேண்டும் என்று உழவர்கள் சொல்வார்களே, இந்தச் செடிகளுக்கு அவை இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். வேருக்குப் பாய்ச்சல், கழுத்துக்குக் காய்ச்சல்.

நர்சரிகளில் 'ஆல்பைன்' என்று எழுதியிருப்பதெல்லாம் உயர்ந்த மலையிலிருந்து வந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாறைத் தோட்டத்தின் ராணி மாதிரி இருக்கும் ஃபிளாக்ஸ் சபுலேட்டா வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பாறைச் சரிவுகளிலும் மணற்பாங்கான திறந்தவெளிகளிலும் வளர்வது. வளரும் விதம் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல செய்திதான், உண்மையான உச்சிமலைச் செடிகளைவிட இவை பிடிவாதம் குறைந்தவை.

1. இடம்

ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும். நிழலில் வைத்தால் செடி சாகாது. ஆனால் தண்டு நீண்டு, பாய் கிழிந்த பாயாகி, பூ நாலைந்து மட்டும் வரும். கோடை கடுமையாக இருக்கும் இடங்களில் காலையிலிருந்து பிற்பகல் ஆரம்பம் வரை வெயில் விழுந்து, அதற்கப்புறம் சுவரோ பெரிய கல்லோ நிழல் தருவது நல்லது.

மரத்தடி மட்டும் வேண்டாம். நிழலைவிடச் சொட்டுதான் பிரச்சினை. மழை நின்று அரை மணி நேரம் ஆனபிறகும் கிளையிலிருந்து துளி விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் உதிர்ந்த இலைகள் மெத்தை மேல் ஈரத்துணி போலப் படியும். அடியில் இருக்கும் செடி இரண்டு வாரத்தில் கறுத்துவிடும்.

வடிகால் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இரண்டாவது முறை நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். முதல் முறை கணக்கில்லை, காய்ந்த மண் எப்போதும் வேகமாகத்தான் குடிக்கும். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் அந்த மண்ணில் இறங்கி நடாதீர்கள், அதன் மேலே மேடு கட்டி நடுங்கள்.

2. களை

இதில் அவசரப்பட்டால் பல வருடம் அனுபவிக்க வேண்டியிருக்கும். அருகும் கோரையும் ஒருமுறை கல்லுக்கு அடியில் வேர் ஓட்டிவிட்டால், கல்லைப் பெயர்க்காமல் எடுக்க முடியாது. நான் முதலில் போட்ட பாத்தியில் கோரைக் கிழங்கு பத்து இருபது விட்டுப்போனது; 'முளைக்கும்போது பிடுங்கிக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். மூன்றாவது வருடம், தரையோடு படரும் தைம் என்ற மணச்செடியின் பாய்க்கு நடுவே ஊசி ஊசியாகக் கோரை எழுந்தது. பிடுங்கினால் தைமும் சேர்ந்து வந்தது. கடைசியில் பாத்தி முழுவதையும் பிரித்துப் போட்டேன்.

தோண்டி, கிழங்கையும் வேர்த்தண்டையும் பொறுக்கி, தண்ணீர் ஊற்றி, மீண்டும் முளைப்பதைப் பார்த்து மறுபடி பொறுக்குங்கள். ஒரு பருவம் போகட்டும். அதற்குள் கல் சேர்க்கும் வேலையைப் பார்க்கலாம்.

3. மேடு

இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலப் பாத்தி தொடங்குவதற்குப் போதும். நடுவில் 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரம் வரும்படி, ஒரு பக்கம் நீண்ட சரிவாகவும் மறுபக்கம் குறுகிய செங்குத்தாகவும் இருந்தால் பார்க்க இயல்பாக இருக்கும். சரிசமமாகக் குவித்த மேடு கல்லறை போலத் தெரியும்.

அடியில் உடைகல்லும் செங்கல் துண்டும் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் எதற்காக என்று தெரிந்து போடுங்கள். கரடுமுரடான அடுக்கு கீழே இருந்தால் மேல் மண்ணின் தண்ணீர் உடனே அதற்குள் இறங்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. நுண்ணிய மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுக்க நனைந்து தளும்பிய பிறகுதான் கீழே உள்ள கல்லடுக்குக்கு விடும். பூந்தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு போடுவதற்கும் இதே கதைதான். ஆக, உடைகல் உயரம் கூட்டுவதற்கு மட்டும். வடிகாலைக் கவனித்துக்கொள்ள வேண்டியது மேலே போடும் கலவை. அந்தக் கலவை குறைந்தது ஒரு அடி ஆழம் இருக்கட்டும்.

4. கல்

ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைத் தோட்டம் என்று சொல்லப்படுவது லண்டனில் செல்சி மூலிகைத் தோட்டத்தில் 1773-இல் கட்டியது. அதில் லண்டன் கோபுரக் கோட்டையின் பழைய கற்களும், தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கல்லும் கலந்திருக்கின்றன. அது சரித்திரம், அதற்கு அழகுதான். நாம் கட்டும்போது ஒரே வகைக் கல்லாகப் பார்த்து வாங்குவதே நல்லது. மூன்று நிறத்தில் கல் கலந்தால் லாரியிலிருந்து கொட்டி விட்டுப்போனது போல இருக்கும்.

எந்தக் கல்? சுண்ணாம்புக்கல், மணற்கல், கருங்கல் எதுவும் ஆகும். மணற்கல்லும் மிருதுவான சுண்ணாம்புக்கல்லும் கொஞ்சம் ஈரம் உறிஞ்சி வைக்கும், வேர் அதை ஒட்டி ஓடும். கருங்கல் உறிஞ்சாது, ஆனால் அதன் அடியில் ஈரம் தங்கும். கோடையில் காய்ந்துபோன பாத்தியில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்: அடிப்பக்கம் ஈரம், அதில் வெள்ளை நூல் போல வேர்கள் அப்பியிருக்கும்.

பெரிய கல் சிலது, சின்னக் கல் பல என்பதைவிடப் பெரிய கல்லாகவே ஐந்தாறு இருந்தால் போதும். 40 செ.மீ. நீளம், 30 அகலம், 20 கனம் உள்ள கல் 60 கிலோவை ஒட்டி வரும் என்பதை மறந்து தூக்கப் போகாதீர்கள். கடப்பாரையும் இன்னொரு ஆளும் வேண்டும்.

வைக்கும்போது நான்கு விஷயம். ஒவ்வொரு கல்லும் மூன்றில் ஒரு பங்காவது புதையட்டும். மேலே ஏறி நின்றால் ஆடக் கூடாது. கல்லின் மேற்பரப்பு மேட்டுக்குள் பார்த்துச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் வெளியே வழியாமல் பின்னால் உள்ள வேருக்குப் போய்ச் சேரும். கல்லில் வரிகள் இருந்தால் எல்லாம் ஒரே திசையில் ஓடட்டும், பூமிக்குள்ளிருந்து ஒரே பாறை எட்டிப் பார்ப்பது போலத் தோன்றும்.

செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் வளர்த்தெடுத்த இன்னொரு முறை உண்டு: பலகைக் கற்களைச் செங்குத்தாக, புத்தக அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நெருக்கி நட்டு, இடையில் இரண்டு முதல் ஐந்து செ.மீ. விட்டு, அந்தப் பிளவில் செடி வைப்பது. வேர் ஆழமாக இறங்கும், கழுத்தைச் சுற்றிக் கல் மட்டுமே இருக்கும். மழை அதிகம் உள்ள இடத்தில் பிடிவாதக்கார மெத்தைச்செடிகளை வளர்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. உழைப்புதான் அதிகம்.

5. மண் கலவை

தோட்டத்து நல்ல மண் ஒரு பங்கு, சலித்த இலை மட்கு ஒரு பங்கு, 3 முதல் 6 மில்லிமீட்டர் ஜல்லி ஒரு பங்கு. மழை அதிகமென்றால் ஜல்லியை இரண்டு பங்காக்குங்கள். மெத்தைச்செடிகளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கினால் அங்கே மூன்று பங்கு ஜல்லி வரை போகலாம். மலைச்சரிவில் குவிந்து கிடக்கும் சரளை போன்ற பாத்தி அது.

மணல் போட்டால் ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பூச்சு வேலைக்கான நைசு மணல் ஆகவே ஆகாது. களிமண்ணோடு சேர்ந்து அது இடைவெளிகளை அடைத்து, காய்ந்ததும் சுவர் போல இறுகும். கடற்கரை மணலில் உப்பு. மணலே போடுவதானால் கற்கண்டுத் தூள் மாதிரி கரகரவென்று விரலில் உருளும் பெருமணல் போடுங்கள். ஜல்லியை ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்து, கலங்கிய தூள் போகும்வரை கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து நனைத்து அழுத்துங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாக நின்றால் ஜல்லி போதாது. விரலை அசைத்ததும் உதிர்ந்தால் சரி.

அளவு: மேலே சொன்ன இரண்டு சதுர மீட்டர் பாத்திக்கு 30 செ.மீ. ஆழம் போட 600 லிட்டர் கலவை ஆகும், அதாவது ஒவ்வொன்றும் 200 லிட்டர், 10 லிட்டர் வாளியில் 20 வாளி. புதைந்த கற்கள் பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் கொஞ்சம் மிஞ்சும், நடவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொழு உரம் சேர்க்க வேண்டாம். கை பரபரக்கும், இருந்தாலும் வேண்டாம்.

6. செடித் தேர்வு: கழுத்து எங்கே இருக்கிறது?

நிறம் பார்த்தே செடி வாங்குகிறோம். அதற்கு முன் அந்தச் செடி எப்படிப் படர்கிறது என்று பார்த்தால் நடுவது, வெட்டுவது, பெருக்குவது எல்லாம் தானாகவே விளங்கிவிடும். நான் இவற்றை நான்காகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலில், போகிற இடமெல்லாம் வேர் விடுபவை. தைமஸ் செர்பில்லம் (தைம்), ஆன்டெனேரியா டையோய்கா, வெரோனிகா புரோஸ்ட்ரேட்டா, நியூசிலாந்தின் ரவூலியா ஆஸ்திரேலிஸ். இவற்றுக்கு ஒரு கழுத்து அல்ல, நூறு கழுத்து. ஒரு இடத்தில் அழுகினால் மற்ற இடம் பிழைக்கும். புதியவருக்கு இவையே முதல் செடி. காலடி படும் கல் இடுக்கிலும் தைம் தாங்கும், மிதித்தால் மணக்கும்.

இரண்டாவது, ஒரே கழுத்திலிருந்து பரப்புபவை. ஆப்ரியேட்டா, ஜிப்சோஃபிலா ரெபன்ஸ், அராபிஸ், ஐபெரிஸ், சிறிய டையாந்தஸ் வகைகள். (ஆப்ரியேட்டா என்ற பெயர் கிளாட் ஓப்ரியே என்ற பிரெஞ்சுத் தாவர ஓவியரின் நினைவாக வைத்தது, செடியை வரைந்தவர் பெயரில் செடி இருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.) இவற்றைக் கல்லின் விளிம்பில் வைத்தால் பாய் கல்மேல் வழியும், அடியில் காற்று ஓடும். ஃபிளாக்ஸ் சபுலேட்டா இந்த இரண்டு வகைக்கும் நடுவில். தண்டு மண்ணில் பட்டால் சில இடங்களில் வேர் விடும், பெரும்பாலும் பழைய கழுத்தைத்தான் நம்பியிருக்கும்.

மூன்றாவது, ரோஜாப்பூ வடிவ இலைக்கொத்துகளாகப் பெருகுபவை. செம்பர்விவம், சாக்ஸிஃப்ராகா. செம்பர்விவத்தில் பூத்த கொத்து இறந்துவிடும், பயப்பட வேண்டாம். சுற்றிலும் குட்டிகள் இடத்தை நிரப்பும். சாக்ஸிஃப்ராகா என்றால் லத்தீனில் கல்லை உடைப்பது என்று பொருள். அதில் பேனிக்குலேட்டா என்ற வகையின் இலை விளிம்பைக் கிட்டப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். நோய் என்று நினைத்துத் துடைப்பவர்கள் உண்டு. இலையின் நுண்துளை வழியாகச் செடியே வெளியேற்றும் சுண்ணாம்பு அது. செடம் வகைகளையும் வசதிக்காக இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம்.

நான்காவது, மெத்தைகள். சைலீன் அகாலிஸ், ஆண்ட்ரோசேஸ், சிறிய டிராபா. வருடத்துக்கு ஒரு செ.மீ. கூட வளராது. ஒரே ஆணிவேர், ஒரே கழுத்து, மன்னிப்பு கிடையாது. பாத்தி இரண்டு வருடம் பழகிய பிறகு முயன்று பாருங்கள்.

டிரையாஸ் ஆக்டோபெடாலா கிடைத்தால் ஒன்று வாங்குங்கள். எட்டு இதழ் வெள்ளைப் பூ, வெயில் போகும் திசையெல்லாம் முகம் திருப்பும். ஏறக்குறைய 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன் வந்துபோன ஒரு கடுங்குளிர்க் காலத்துக்கு இதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலப் படிவுகளில் இதன் எச்சங்கள் நிறையக் கிடைத்ததால்.

வாங்கவே கூடாதவை என்று இல்லை, ஆனால் செராஸ்டியம் டொமென்டோசத்தை மட்டும் தனியே வையுங்கள். வெள்ளிப் பாய் போல அழகாக வந்து, இரண்டே வருடத்தில் பக்கத்து மெத்தைகளை மூடிவிடும். செடம் ஏக்கர் என்ற வகையும் அப்படித்தான், உதிர்ந்த துண்டு ஒவ்வொன்றும் முளைக்கும்.

மலையிலிருந்து பிடுங்கி வந்த செடி வேண்டாம். தப்பு என்பது ஒரு பக்கம். ஆணிவேர் அறுந்து வருவதால் அது பிழைப்பதும் அரிது.

7. நடவு

வசந்தத்தின் தொடக்கம், அல்லது கோடை தணிந்து கடுங்குளிர் வருவதற்கு ஆறு வாரம் முன்பு. வேர் கீழே போக அவகாசம் வேண்டும்.

தொட்டியிலிருந்து செடியைத் தட்டி எடுத்ததும் பாருங்கள். நர்சரியில் பெரும்பாலும் பீட் கலந்த பஞ்சு போன்ற ஊடகத்தில்தான் வளர்த்திருப்பார்கள். அதை அப்படியே ஜல்லிக் கலவைக்குள் வைத்தால் நனைந்தபோது அந்த உருண்டை மட்டும் ஊறிக் கிடக்கும். ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போகாமல் சுற்றி ஓடும். வேரும் அந்த வசதியை விட்டு வெளியே வராது. இறந்துபோன டையாந்தஸ் ஒன்றை ஒன்றரை வருடம் கழித்துப் பிடுங்கினேன். தொட்டியின் வடிவத்திலேயே, அதன் அடித்துளைகளின் தடம்கூட மாறாமல் வந்தது. ஒரு வேர்கூட வெளியே போகவில்லை.

அதனால் வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, விரலால் பழைய ஊடகத்தில் பாதியையாவது உதிர்த்து எடுங்கள். சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்து விடுங்கள். முடியும்வரை ஆழமான குழி தோண்டி, வேர்களைத் தொங்கவிட்டபடி செடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி இறக்குங்கள். பென்சிலால் குத்திக் குத்தி இடைவெளியை நிரப்பலாம். மெத்தைச்செடிகளில் மட்டும் ஆணிவேரை மடக்காதீர்கள்.

முக்கியமான அளவு இதுதான்: கழுத்து மண்மட்டத்துக்கு மேலே ஒன்றரை, இரண்டு செ.மீ. நிற்க வேண்டும். நட்டு முடித்ததும் செடி துருத்திக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த இரண்டு செ.மீ. இடத்தை ஜல்லி நிரப்பும்.

இடைவெளி: தைம், ஃபிளாக்ஸ், ஆப்ரியேட்டா போன்றவற்றுக்கு ஒன்றரை அடி வரை, டையாந்தஸுக்கு ஒரு அடி, மெத்தைக்கு ஒரு சாண். முதல் வருடம் பாத்தி வெறிச்சென்று இருக்கும். நடுவில் எதையாவது நிரப்பும் ஆசையை அடக்குங்கள்.

8. ஜல்லி மூடாக்கு

அதே வகைக் கல்லின் 5 முதல் 10 மில்லிமீட்டர் ஜல்லி, இரண்டரை செ.மீ. கனம். நம் பாத்திக்கு 50 லிட்டர், ஐந்து வாளி. செடியின் இலைப் பாயை ஒரு கையால் தூக்கி, கழுத்தைச் சுற்றிப் பிடி பிடியாகத் தள்ளுங்கள். மேலே தூவிவிட்டுப் போனால் பயன் பாதிதான். மழை தெறித்து இலையில் சேறு ஒட்டாது, களை குறையும், வெயிலில் வேர் குளிர்ச்சியாக இருக்கும். கறுப்புக் கல் மட்டும் வெயில் மிகுந்த இடத்தில் வேண்டாம், கொதிக்கும். மரப்பட்டை, வைக்கோல் மூடாக்கு இங்கே விஷம்.

9. தண்ணீரும் உரமும்

நட்ட முதல் பருவத்தில் மழை இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை, காலையில், பூவாளியின் வாயைக் கல்லிடுக்கில் வைத்து ஆழமாக. தினம் தெளிப்பது கெடுதல்; வேர் மேலேயே நின்றுவிடும், கழுத்து எப்போதும் நனைந்திருக்கும். சந்தேகம் வந்தால் ஜல்லியை விலக்கி விரலை இரண்டு கணு இறக்கிப் பாருங்கள். ஈரம் தட்டினால் பூவாளியை வைத்துவிட்டுப் போகலாம். இரண்டாவது வருடத்திலிருந்து நீண்ட வறட்சியில் மட்டும் பாய்ச்சினால் போதும்.

உரம் வசந்தத்தில் ஒரே முறை, தழைச்சத்து குறைந்த மெதுவாகக் கரையும் வகை, பொட்டலத்தில் சொன்னதில் பாதி. அதிகம் போட்டால் பாய் புசுபுசுவென்று தளர்ந்து நடுவில் பிளக்கும்.

10. கத்தரிப்பும் நடு வழுக்கையும்

பூ முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஆப்ரியேட்டா, அராபிஸ், ஐபெரிஸ் ஆகியவற்றைப் பாதியாக வெட்டுங்கள். புல் வெட்டும் பெரிய கத்தரிக்கோலே போதும். வெட்டிய அன்று பார்க்கவே பாவமாக இருக்கும், ஒரு மாதத்தில் புதுத் தளிர் மூடிவிடும். ஃபிளாக்ஸில் மூன்றில் ஒரு பங்கு, தைமில் பூக்காம்பு மட்டத்துக்கு மேலோட்டமாக. டையாந்தஸில் பூக்காம்பை மட்டும். எந்தச் செடியிலும் இலையில்லாத பழுப்புத் தண்டுக்குள் வெட்டாதீர்கள், பெரும்பாலும் அங்கிருந்து துளிர்க்காது. மெத்தைகள் பக்கம் கத்தரிக்கோலே போகக் கூடாது.

மூன்று நான்கு வருடத்தில் பாயின் நடுவில் வழுக்கை விழும். அது வயது. சருகைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மண்ணும் ஜல்லியும் சமமாகக் கலந்து நடுவில் தண்டுகளுக்கு இடையே தூவி, குலுக்கி இறக்குங்கள். தைம், ஃபிளாக்ஸ் இரண்டும் அதில் புது வேர் விட்டு மூடிக்கொள்ளும். ஆப்ரியேட்டாவும் டையாந்தஸும் இதற்கு மசியாது. அவற்றுக்கு மாற்றுச்செடி தயார் செய்வதே வழி.

வழுக்கை ஒரே வாரத்தில் வந்து, தண்டு விரலில் கொழகொழத்தால் அது வயது அல்ல, அழுகல். கெட்ட பகுதியைப் பச்சைத் தண்டு வரும்வரை வெட்டி எறிந்து, மண்ணை விலக்கிக் காற்றுப்படும்படி விட்டு, காய்ந்த ஜல்லியால் நிரப்புங்கள். மிஞ்சிய நல்ல நுனிகளை அன்றே போத்தாக (வேர்விட நடும் துண்டாக) எடுத்து வைத்துவிடுங்கள், தாய்ச்செடி பிழைக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

குளிர் ஈரமும் கோடைப் புழுக்கமும்

பனி மூடாத, மழை பெய்யும் குளிர்காலம்தான் சிரமம். இலையில் பஞ்சு போன்ற முடியுள்ள செடிகள் நனைந்தால் காயாது. அவற்றின் மேலே ஒரு அடி சதுரக் கண்ணாடியையோ பாலிகார்பனேட் தகட்டையோ நாலு செங்கல் மேல் வைத்து, பக்கங்களைத் திறந்து விடுங்கள். கூண்டு போல மூடினால் புழுங்கும். தரை உறைந்து உருகும் ஊர்களில் புதிதாக நட்ட செடிகள் மேலே தள்ளப்பட்டிருக்கும். உறைபனி விலகியதும் ஒரு சுற்றுப் போய்க் கையால் அழுத்திவிட்டு வாருங்கள்.

கோடையில் பகல் வெயிலைவிட இறங்காத இரவு வெப்பம்தான் இவற்றைக் கொல்லும். மலையில் எவ்வளவு வெயிலடித்தாலும் இரவில் குளிர்ந்துவிடும். செடி பகலில் சேர்த்ததை இரவில் அதிகம் செலவழிக்காது. புழுக்கமான இரவில் மூச்சுவிட்டே கையிருப்பைத் தீர்த்துவிடும், அடர்ந்த பாய்க்குள் பூஞ்சணமும் சேரும். வெப்ப ஈரச் சமவெளியில் ஜென்ஷியானாவையும் ஆண்ட்ரோசேஸையும் முயல்வது வீண். அங்கே தென்னாப்பிரிக்க, லெசோத்தோ மலைகளிலிருந்து வந்த டெலோஸ்பெர்மா, சில செடம் வகைகள், வடிகால் மிக நன்றாக இருந்தால் தைம், இந்த வரிசையில் பாருங்கள். தரையில் வைக்காமல், துளையுள்ள கல்தொட்டியில் வைத்துக் காற்றோட்டமான உயரத்தில் தூக்கினால் வாய்ப்புக் கூடும்.

பூச்சி, பிராணி

நத்தைக்கு ஜல்லி ஓரளவுதான் தடை. இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதே உறுதியான வழி. எறும்பு பாய்க்கு அடியில் கூடு கட்டினால் வேருக்குக் கீழே வெற்றிடமாகி, நல்ல செடி திடீரென்று வாடும். தண்ணீர் ஊற்றிக் கலைத்து, கலவை போட்டு நிரப்புங்கள். சாக்ஸிஃப்ராகா, செம்பர்விவம் கொத்து கையோடு கழன்று வந்தால் மண்ணைக் கிளறுங்கள், 'சி' வடிவத்தில் சுருண்ட வெள்ளைப் புழு இருக்கும். வேரைத் தின்னும் கூன்வண்டின் குஞ்சு அது. பறவைகள் மெத்தையைக் கிளறி வீசுவது பெரும்பாலும் விளையாட்டுப் போலத்தான் தெரியும். சில வாரத்துக்குக் கம்பி வலை போடுங்கள்.

பெருக்கம்

வேர்விட்டுப் படர்பவற்றை ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து எடுத்து நட்டால் முடிந்தது. செம்பர்விவத்தின் குட்டியைப் பிய்த்து ஜல்லி மேல் வைத்தாலே போதும்.

ஒற்றைக் கழுத்துச் செடிகளுக்குப் போத்து. பூ முடிந்தபின் பூக்காத தளிர் நுனி மூன்று முதல் ஐந்து செ.மீ. எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, பாதி ஜல்லி பாதி பெருமணல் நிரப்பிய தட்டில் செருகி, நிழலில் ஈரமாக வைத்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். டையாந்தஸுக்குக் கத்திகூட வேண்டாம். தளிரின் அடியை ஒரு கையால் பிடித்து நுனியை இழுத்தால், கணுவில் 'டப்'பென்று கழன்று வரும். அப்படியே செருகலாம்.

விதையில் ஆப்ரியேட்டா, அராபிஸ், டையாந்தஸ் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஜென்ஷியானா, ஆண்ட்ரோசேஸ் போன்றவற்றின் விதை ஒரு குளிர்காலத்தைக் கண்டால்தான் கண் விழிக்கும். விதைத்த தொட்டியை மெல்லிய ஜல்லியால் மூடி வெளியே குளிரில் விடுங்கள். குளிரே வராத இடமென்றால் ஈரமணலில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் ஆறு வாரம். 1929-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஆல்பைன் கார்டன் சொசைட்டி, 1934-இல் தொடங்கிய வட அமெரிக்கப் பாறைத் தோட்டச் சங்கம் இரண்டும் உறுப்பினர்களுக்கு விதைப் பரிமாற்றம் நடத்துகின்றன, கடையில் கிடைக்காத வகைகள் அங்கே கிடைக்கும்.

முதல் வருடம் முளைக்காத தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். பெயரட்டையோடு ஒரு மூலையில் இருக்கட்டும், இரண்டாவது குளிருக்கப்புறம் முளைப்பவை இவற்றில் நிறைய. பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஒரே கோடையில் வெளுத்துவிடும்.